நெபுலாவுக்கு ஷேடு அப்ரூவல்

டிசம்பர் 8

சொட்டு நீலத்துக்கு ஊரில் என்ன பஞ்சமோ தெரியவில்லை. யசோதா அலசிப் போட்ட வேட்டி இன்றும் மஞ்சளடித்துக் கிடந்தது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நானே பாட்டிலில் பாதியைப் பக்கெட்டில் கவிழ்த்தேன். அவள் குளியலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"போதுங்க. வேட்டிக்கு ஊத்தறீங்களா, வானத்துக்கு ஊத்தறீங்களா?"

என் மனைவி கெட்டிக்காரிதான். கலர் விஷயத்தில் மட்டும் பூஜ்யம். நான் முப்பது வருஷமாகத் திருப்பூரில் சாயக் கம்பெனி லேப் மாஸ்டர். வெளிநாட்டு பையர் கேட்ட கலரும் நம் துணியில் ஏறிய கலரும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, ஓரத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. குழந்தைவேலு கையெழுத்தில்லாமல் ஒரு பனியன்கூடக் கப்பல் ஏறாது. எனக்கு வேட்டி வெளுப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள்.

கம்பெனியில் ஒரு லாட் திரும்பி வந்திருக்கிறது. சாம்பல் கேட்டால் நீலம் அனுப்பியிருக்கிறோமாம். இது இரண்டாவது தடவை. நாச்சிமுத்து முதலாளி நேரில் வந்தார்.

"மாஸ்டர், நான் உங்களை ஒண்ணும் சொல்லலீங். ஆனா இன்னொருக்கா வந்துச்சுன்னா, ஷேடு பாக்கற வேலைய மெஷின்கிட்டதான் உடோணும்."

விளக்குப் பெட்டியில் ட்யூப் பழசாகிவிட்டது என்று சொன்னேன். புது ட்யூப் போடச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

டிசம்பர் 11

பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்காரம்மா "சாமி, எப்ப மலைக்குப் போறீங்?" என்று கேட்டாள். நான் மாலையே போடவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய ஆளை எல்லாம் ஐயப்ப சாமி என்று நினைத்தால் என்ன செய்வது?

டிசம்பர் 21

உடுமலைக்குத் தெற்கே மச்சான் தோப்புக்குப் போய் வந்தேன். திருப்பூரில் வானம் என்று ஒன்று கிடையாது, இருபத்து நாலு மணி நேரமும் கம்பெனி வெளிச்சம்தான். அதனால் டெலஸ்கோப்பையும் கேமராவையும் மச்சானின் மோட்டார் ரூம் மொட்டைமாடியில் நிறுத்திவைத்திருக்கிறேன். பொழுது சாயும்போது முடுக்கிவிட்டுக் கீழே வந்து களியும் கீரையும் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம். மெஷின் தானே நட்சத்திரத்தைத் துரத்திக்கொண்டு படம் எடுக்கும். காலையில் எழுந்து அறுவடை பண்ண வேண்டியதுதான்.

நான் பிடிக்கிற சரக்குக்குக் கிரக நெபுலா என்று பெயர். கிரகத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒரு நட்சத்திரம் சாகும்போது ஊதித் தள்ளிய வாயு, வளையமாக விரிந்து நிற்கிறது. என்னுடையது மிதுனத்துப் பக்கம் இருக்கிற மகா மங்கலான ஒன்று. பெயர்கூட இல்லை, பட்டியல் எண்தான். கேமராவுக்குக் கலர் தெரியாது. ஹைட்ரஜன் ஒளியை ஒரு ஃபில்டரிலும் ஆக்சிஜன் ஒளியை இன்னொன்றிலும் கறுப்பு வெள்ளையாக எடுத்து, நூற்றுக்கணக்கில் அடுக்கி, பிறகு நாம்தான் சாயம் ஏற்ற வேண்டும். ஹைட்ரஜனுக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்குப் பச்சை கலந்த நீலம். சாயக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு வேறென்ன?

சிவப்பு நன்றாக வந்திருக்கிறது. நீலம்தான் சோகையாக இருக்கிறது.

டிசம்பர் 28

நாள் பூராவும் கம்ப்யூட்டர் முன்னால். நீலத்தை ஏற்றினேன், போதவில்லை. இன்னும் ஏற்றினேன். காப்பி கொண்டுவந்த யசோதா திரையைப் பார்த்துவிட்டு ஒரு எட்டு பின்னால் போனாள்.

"ஏனுங்க, கண்ணு கூசலீங்களா?"

"எதுக்குக் கூசோணும்? இன்னும் வெளிறிப்போய்த்தான் இருக்குது."

"ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துரலாமுங்க."

திரை பழசு. புதுசு வாங்க வேண்டும்.

டிசம்பர் 30

படம் முடிந்தது. ஆனால் திரையை நம்பி ஷேடு பார்க்கிறவன் முட்டாள். காகிதமும் பொய் சொல்லும். கலரைத் துணியில் பார்த்தால்தான் தெரியும். நெபுலாவைக் கம்பெனி பிரிண்டிங் மெஷினில் கொடுத்து ஒரு முழம் வெள்ளைப் பருத்தித் துணியில் அடித்து வாங்கினேன். விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தால், ஆகா! வெளியே செம்பு வளையம், உள்ளே மயில் கழுத்து மாதிரி அமைதியான நிறம். கை தன்னால் ஓரத்தில் 'ஓகே' எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. பழக்க தோஷம்.

ஜனவரி 4

துணியைக் காணவில்லை. மேகலாவைக் கேட்டேன். லேபில் என் பக்கத்து மேஜைக்காரி. சாம்பிள் துண்டுகளை எண் போட்டு பையருக்கு அனுப்புகிறவள். ரொம்பப் பொறுப்பான பெண்.

"ஓகே போட்டிருந்துச்சுங்களே சார். ஹாம்பர்க்குக்கு மத்த சாம்பிளோட கூரியர் பண்ணீட்டேனுங்."

"அது நெபுலாம்மா!"

"கவர்ல என்ன பேர் எழுதறதுன்னு தெரியலீங். அப்ஸ்ட்ராக்ட்னு போட்டுட்டேன்."

ஜனவரி 12

பையர் பதில். அப்ரூவ்ட். நாற்பதாயிரம் டி-ஷர்ட்.

முதலாளி லேபுக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெஷினாவது மண்ணாங்கட்டியாவது! மாஸ்டர் கண்ணு தங்கக் கண்ணுங்!" இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஷின் விற்க வந்தவனை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஜனவரி 19

ஒரு சிக்கல். படத்தைச் சட்டையின் நெஞ்சு முழுக்கப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. வெளிச்சம் போதாது, இன்னும் பல ராத்திரி எடுக்க வேண்டும். பொங்கலுக்கு அப்புறம் பார்த்து மேகம் வேறு. முதலாளியே தோப்புக்கு வந்துவிட்டார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, சாயப் பட்டறையில் ஆள்களை முறைக்கிற மாதிரி வானத்தை முறைத்தார். மேகம் நகரவில்லை. கப்பல் தேதி நெருங்குவதால் பையருக்குத் தகவல் சொல்லச் சொன்னார். மேகலா, 'மேகமூட்டம் காரணமாக உற்பத்தி தாமதம்' என்று மெயில் போட்டாள்.

ஜனவரி 23

பதில் வந்தது: 'மாற்று சப்ளையர் உண்டா?'

கூடவே ஒரு படிவம். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, கம்பெனியிலிருந்து எவ்வளவு தூரம், அங்கே சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா, கழிவு வெளியேறுகிறதா. நான் உண்மையைத்தான் எழுதுவேன். தூரம்: பல ஆயிரம் ஒளியாண்டு. பிள்ளைகள்: இல்லை. கழிவு: முழுக்கக் கழிவுதான், ஆயிரக்கணக்கான வருஷமாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

முதலாளி படித்துவிட்டு வெலவெலத்துப் போனார். "மாஸ்டர், கழிவுன்னு மட்டும் எழுதாதீங்! சாயக் கழிவு ஆத்துல கலக்குதுன்னு கோர்ட்டு ஒருக்கா ஊர்ப் பட்டறை பூராத்துக்கும் பூட்டுப் போட்டுச்சு!"

கடைசியில் 'சுத்திகரிப்பு நடந்து வருகிறது' என்று எழுதினோம்.

பிப்ரவரி 6

வானம் தெளிந்து, போதிய அளவு எடுத்துவிட்டேன். இன்று முதல் துணி இறங்கியது. பிரிண்டிங் ஆள்கள், மேகலா, முதலாளி எல்லோரும் சுற்றி நின்றார்கள். முதலாளி கண்ணைக் கசக்கினார்.

"எப்படி?" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிதானுங்," என்றார் முதலாளி.

"சார் சொன்னாச் சரிதானுங்," என்றாள் மேகலா.

இந்த மரியாதை சும்மா வருவதில்லை. முப்பது வருஷ உழைப்பு.

பிப்ரவரி 13

யசோதாவின் நச்சரிப்புத் தாங்காமல் கோயமுத்தூரில் கண் டாக்டரைப் பார்த்தேன். பெயர் ஷகிலா பானு, சின்ன வயசு. ஏதோ ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் புரையாம். "முத்திப் பழுப்பாயிருச்சு சார். மஞ்சக் கண்ணாடி போட்டுட்டு உலகத்தைப் பாக்கற மாதிரி. நீலம் உங்களுக்குப் பாதிதான் தெரியும்," என்றாள்.

மெஷின்கள் எப்போதும் இப்படித்தான், எதையாவது சொல்லும்.

இடது கண்ணுக்கு மட்டும் சரியென்று சொல்லியிருக்கிறேன், யசோதாவின் திருப்திக்காக. கம்பெனியில் சொந்தக்கார ஒறம்பரை வீட்டு விசேஷம் என்று லீவு சொல்லியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் மெஷின்காரன் நாளைக்கே வந்து நிற்பான்.

பிப்ரவரி 22

கட்டைப் பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது என் வேட்டியை. யசோதா எடுத்துவந்திருந்தாள். அது வேட்டியே இல்லை, ஆகாயம். "இதையா கட்டிட்டு இருந்தேன்?" என்றேன். "ஆமாங்க. மச்சான் மகன் நிச்சயத்துக்கும் இதைத்தான் கட்டிட்டு வந்தீங்க," என்றாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்த டி-ஷர்ட் சாம்பிளைப் பிரித்தேன். நெபுலா இல்லை அது. கத்தரிப்பூ ஊதாவில் ஒரு கொலை. கண்ணை மூடிக்கொண்டேன். வலது கண்ணை மட்டும் திறந்தால் அதே மயில் கழுத்து. இடது: ஊதா. வலது: மயில். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

இருபதாயிரம் சட்டை ஏற்கெனவே கப்பலில்.

பிப்ரவரி 25

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வலது கண் கம்பெனிக்கு, இடது கண் எனக்கு. பையர் அப்ரூவ் பண்ணியது வலது கண்ணின் கலரை. மீதிச் சட்டைகளை வலது கண்ணால் பார்த்தே பாஸ் பண்ணுவேன். அப்போதுதான் மனச்சாட்சி உறுத்தாது. லேபில் கறுப்புக் கண்ணாடி போட்டு, இடது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொள்கிறேன். மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டேன். யாரும் கிட்டவே வருவதில்லை.

மார்ச் 4

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினார். ஆள் வாடிப்போயிருந்தார்.

"மாஸ்டர், வெளிய சொல்லீராதீங். என் கண்ணு போயிருச்சு."

"என்னங் சொல்றீங்?"

"அந்த நெபுலாத் துணி எனக்கு வெறும் ஊதாவாத்தான் தெரியுது. மயில் கழுத்துன்னீங்களே, அது எனக்கு அகப்படவே மாட்டீங்குது. மருந்து ஊத்திப் பாத்துட்டேன், கேரட் ஜூஸ் குடிச்சுப் பாத்துட்டேன். நைசா விசாரிச்சா பிரிண்டிங் ஆளுகளுக்கும் அப்படித்தானாம். சாயப் புகையில கம்பெனிக்கே கண்ணு கெட்டுப்போச்சுங். பாவம், எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க."

வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் அவர், "கண் சிகிச்சை முகாம் போடறோம். கம்பெனில நல்ல கண்ணு உங்க ஒருத்தருக்குத்தான். நீங்கதான் குத்துவிளக்கு ஏத்தோணும்," என்றார்.

மெட்ராஸ் ஐ ஆறவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

மார்ச் 10

ஷாமியானா, வாழைமரம், ஸ்பீக்கர். 'பார்வையே பெருஞ்செல்வம்' என்று பேனர், அதில் என் படம். கம்பெனி மொத்தமும் வரிசையில். நான் விளக்கு ஏற்றினேன். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. கோயமுத்தூர் டாக்டர் வந்துவிட்டார் என்றார்கள். திரும்பினால் ஷகிலா பானு.

முகமெல்லாம் மலர்ந்து நேராக மைக்கைப் பிடித்தாள்.

"குழந்தைவேலு சாரை இங்க பாக்கறதுல ரொம்ப சந்தோஷம். போன மாசம்தான் அவரோட இடது கண்ணுல புரை எடுத்தோம். கருப்பட்டி மாதிரி முத்திப் போயிருந்துச்சு. வலது கண்ணு இன்னும் அப்படியே இருக்கு. அவருக்கு நீலம் சரியாத் தெரிஞ்சு பல வருஷம் ஆகியிருக்கும். அதை மறைக்காம, மத்தவங்களுக்காக முகாம் நடத்த முன்வந்த அவருக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

யாரும் தட்டவில்லை. ஸ்பீக்கர் மட்டும் கொய்யென்று இரைந்தது.

முதலாளிதான் முதலில் எழுந்தார். "அப்ப எனக்கு ஒண்ணுமில்லீங்களா டாக்டர்?" என்று கேட்டபோது அவர் குரல் குழந்தையின் குரல் மாதிரி இருந்தது. பரிசோதித்தார்கள். ஒன்றுமில்லை. பிரிண்டிங் ஆள்களுக்கு ஒன்றுமில்லை. வாட்ச்மேனுக்குக்கூட ஒன்றுமில்லை. ஒவ்வொருவராக வெளியே வந்து, கம்பெனிச் சுவரையும் வாழைமரத்தையும் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

மேகலா மட்டும் ஷாமியானா ஓரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ரெண்டு மாசமா என் கண்ணுதான் போச்சுன்னு இருந்தேனுங் சார். தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்தீருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலீங். எங்க வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லலீங்."

நான் பட்ட பயத்தையே இந்தப் பெண்ணும் பட்டிருக்கிறாள், அதுவும் என் கையெழுத்தை நம்பி. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்பது நினைவில்லை.

மார்ச் 12

முதலாளி வீட்டுக்கே வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்து நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பிரச்சினை வேறு. வலது கண்ணுக்கும் ஆபரேஷன் தேதி குறித்திருப்பது அவர் காதுக்குப் போயிருக்கிறது. ஹாம்பர்க்கில் சட்டை முன்பதிவிலேயே சூடாக விற்கிறதாம். அடுத்த சீசனுக்கு வேறு ஒரு நெபுலா, 'அதே ரசனையில்' வேண்டுமாம். எண்பதாயிரம்.

"அந்த ரசனை உங்க வலது கண்ணுலதானுங் இருக்குது. அதைப் போய் எடுத்துட்டா?"

டாக்டருக்கே போன் போட்டுவிட்டார். கம்பெனி வழக்கப்படி, அப்ரூவ் ஆன சாம்பிளை சீல் வைத்து, கடைசிக் கப்பல் போகும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். "எடுக்கற லென்ஸை ஒரு டப்பாவுல போட்டுக் குடுத்துருங் டாக்டர். நாங்க சீல் வெச்சுக்கறோம்."

உடைத்து உறிஞ்சித்தான் எடுப்போம், டப்பாவில் போட ஒன்றும் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். முதலாளிக்கு வேர்த்துவிட்டது.

"அப்ப ஒரு வருசம் தள்ளிப் போடுங் மாஸ்டர். சம்பளம் ஏத்தித் தர்றேன். அந்தக் கண்ணு இல்லாம நீங்க எனக்கு எதுக்குன்னு நானே யோசிக்கோணும், பாத்துக்கங்."

வாழ்நாளெல்லாம் நல்ல கண்ணுக்குக் கிடைக்காத சம்பளம், கெட்ட கண்ணுக்குக் கிடைக்கிறது. சபலம் தட்டியது, மறைப்பானேன். அதற்குள் யசோதா சமையலறையிலிருந்து வந்தாள்.

"அது அவரு கண்ணுங்க. உங்க கம்பெனிச் சாம்பிள் இல்ல. காப்பி ஆறுது, குடிங்க."

மார்ச் 21

வலது கண்ணும் ஆயிற்று. காலையிலிருந்து முதலாளி ஆறு தடவை கூப்பிட்டார். யசோதா எடுக்கவில்லை.

ஏப்ரல் 3

லேபுக்குப் போனேன். என் நாற்காலி இருந்தது, என் மேஜைமேல் ஷேடு பார்க்கிற அந்த மெஷினும் இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "புது நெபுலா காட்டுங், அப்புறம் பேசிக்கலாம்," என்று மட்டும் சொன்னார். உள்ளே வரவில்லை.

இரண்டு நல்ல கண்ணோடு ஒரு வாரம் உட்கார்ந்து பண்ணிய படம். ஊதாவைப் பார்த்து அரண்டுபோனவன் ஆயிற்றே, நீலத்தைத் தொடவே பயந்து பயந்து தொட்டிருந்தேன். துணியில் அடித்து விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன். பேனாவை எடுத்தேன். ஓரத்தில் எழுதப் போன கை நின்றுவிட்டது. மேகலாவைக் கூப்பிட்டேன்.

"எப்படி இருக்குது?"

அவள் துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள்.

"நல்லால்லீங் சார்."

முப்பது வருஷத்தில் அந்த லேபில் என்னிடம் யாரும் சொல்லாத வார்த்தை. சுருக்கென்று கோபம் வந்தது. மேகலா முகம் வெளுத்து, கையைப் பிசைந்தபடி நின்றாள், ஆனால் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்து விளக்குப் பெட்டி முன்னால் போட்டு, அவளை உட்காரச் சொன்னேன்.

"எங்க நல்லால்லைன்னு காட்டும்மா."

வளையத்தின் உள்பக்கம், நீலம் செத்துப்போய்ச் சாம்பலாகக் கிடந்த இடத்தில் அவள் விரலை வைத்தாள். குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரிந்தது.